நூலகர் பதில்கள்: பிள்ளைகள் சொல்லும் புத்தகம், சுவரில் ஒரு போஸ்டர்

தேசிய நூலக வாரம் நவம்பர் 14-இல் தொடங்கி 20 வரை நடக்கிறது. அந்த வாரத்தில் வழக்கமான ஓவியப் போட்டிக்குப் பதிலாக வேறொன்று செய்து பார்க்கலாமே என்று போன இதழில் எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பர் கொடுங்கள். ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ என்று ஒரு போஸ்டர் செய்யச் சொல்லி, அதை நூலகத்துக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். இதுதான் யோசனை. அதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இந்த மாதப் பக்கம் முழுவதும் பதில் எழுதியிருக்கிறேன்.

இதுவும் ஓவியப் போட்டிதானே அம்மா? நன்றாக வரைகிற நாலு பேர்தான் பரிசு வாங்கப்போகிறார்கள். மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது?
— ஓர் ஆசிரியை, பட்டுக்கோட்டை

டீச்சர், உங்கள் சந்தேகம் நியாயமானது. ஓவியப் போட்டியில் தலைப்பை நாம் கொடுக்கிறோம். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம், நேரு மாமா. பிள்ளையும் நடுவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து வரைகிறது. இந்தப் போட்டியில் பிள்ளை பேச வேண்டியது நடுவரிடம் இல்லை, இன்னொரு பிள்ளையிடம். ‘நான் இதைப் படித்தேன், நீயும் எடுத்துப் படி’ என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு பலித்ததா என்பதுதான் கணக்கு.

நான் வேலை பார்த்த கிளை நூலகத்தில் ஒரு வருஷம் இரண்டு போஸ்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் ஒரு கோபுரம், குளம், குளத்தில் கோபுரத்தின் நிழல். போஸ்டர் கலரில் அவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தான் ஒரு பையன். புத்தகத்தின் பெயர் கீழே மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருந்தது. இன்னொன்று பத்தாம் வகுப்புப் பெண் செய்தது. மஞ்சள் சார்ட்டின் நடுவில் கறுப்பு மார்க்கரில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுக்கூடக் கொஞ்சம் கோணல். அதற்குக் கீழே, ‘இந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று 94-ஆம் பக்கம் வரை எனக்குத் தெரியவில்லை. உனக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்தால் வந்து சொல்’ என்று எழுதி, புத்தகத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தாள்.

கோபுரத்தின் முன்னால் நின்று எல்லோரும் பாராட்டினார்கள். யாரும் புத்தகத்தைக் கேட்கவில்லை. பூட்டின் முன்னால் நின்ற பிள்ளைகள் நேரே என் மேசைக்கு வந்து அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். நூலகப் புத்தகத்தைப் புரட்டினால் கடைசியில் தேதித் தாள் ஒன்று ஒட்டியிருக்கும், திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரை குத்துவோமே, அதுதான். பூட்டுப் புத்தகத்தின் தாளில் அதுவரை பழைய முத்திரைகள் இரண்டு மூன்று மங்கிப்போய்க் கிடந்தன. அந்த டிசம்பரில் புது மையில் வரிசையாக முத்திரை விழுந்து, ஜனவரியில் புதுத் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அந்தத் தாள்தான் மதிப்பெண் பட்டியல்.

ஆகவே, வரையத் தெரியாது என்று ஒதுங்குகிற பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுங்கள். படமே இல்லாமல் நாலு வரி எழுதினாலும் போஸ்டர்தான்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் நான் ஒருவன்தான். விழாச் செலவுக்கென்று கையில் எதுவும் கிடையாது. சார்ட், பரிசு, டீ செலவுக்கு எங்கே போவது?
— ஒரு நூலகர், திருத்துறைப்பூண்டி அருகே

தம்பி, செலவைப் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர் பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் கிடைக்கும். பாதியாக வெட்டினால் இரண்டு பேருக்கு ஆகும், அந்த அளவே போதும். மார்க்கர் பேனாக்களை நீங்கள் ஒரு டப்பாவில் வாங்கி வைத்துப் பொதுவில் கொடுங்கள். வீட்டில் கலர் பெட்டி இல்லாத பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

பணத்துக்கு வாசகர் வட்டம், அதாவது நூலகத்துக்குத் துணை நிற்கிற வாசகர் குழு, இருக்கிறது. உங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர், உரக்கடைக்காரர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் இவர்களில் ஒருவராவது ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரத் தயாராக இருப்பார். கேட்க ஆள் இல்லாததால்தான் சும்மா இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று, புரவலர் தொகையை ரசீது போட்டு முறைப்படி வாங்குங்கள். அதையே எடுத்து விழாச் செலவு செய்துவிடாதீர்கள், அந்தத் தொகைக்கு வேறு விதி. விழாவுக்கு வாசகர் வட்ட நண்பர்கள் தனியே பொருளாக வாங்கிக் கொடுக்கட்டும். ஒருவர் சார்ட், ஒருவர் பேனா, ஒருவர் சுண்டல்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஊரில் யாராவது ‘நூலகத்துக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்’ என்று கேட்டால், ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் கண்டதில் நாம்தான் முதல். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. இன்றைக்கு அது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள். அந்த வரி ரசீதை எடுத்துக் காட்டியதும், ‘அப்போ இது நம்ம லைப்ரரிதான்’ என்று மறுநாளே பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எனக்குப் பிடித்தது பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் மாத நாவல்கள், அதிலும் துப்பறியும் கதைகள். இதைப் போட்டு போஸ்டர் செய்தால் சிரிப்பார்களா? ‘நல்ல புத்தகம்’ ஏதாவது எடுத்துச் செய்யச் சொல்கிறார் எங்கள் தமிழ் ஐயா.
— ஒரு மாணவர், விருத்தாசலம்

தம்பி, உனக்கு எது பிடித்ததோ அதைச் செய். ‘எனக்குப் பிடித்த’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, எங்களுக்குப் பிடித்ததைச் சொல் என்று எதிர்பார்ப்பது உங்களை ஏமாற்றுவதாகும். படிக்காத புத்தகத்துக்குப் போஸ்டர் செய்கிற பிள்ளை முன்னுரையிலிருந்து ஒரு வரி, பின்னட்டையிலிருந்து ஒரு வரி என்று எடுத்துக் கோத்துவிடும். பார்க்கிற பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். நீ ராத்திரி விளக்கை அணைக்காமல் படித்த கதையைப் பற்றி எழுதினால் அதில் உன் குரல் இருக்கும்.

ஒரு வேலை மட்டும் செய். கொலை செய்தது யார் என்பதைப் போஸ்டரில் சொல்லிவிடாதே. எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது, யார் மேல் வந்தது என்று மட்டும் எழுது. அப்புறம், உன் தமிழ் ஐயாவிடம் கோபிக்க வேண்டாம். அவருடைய பதினேழு வயதில் அவர் விரும்பிப் படித்தது எது என்று கேட்டுப் பார். அவரையும் ஒரு போஸ்டர் செய்யச் சொல். ஆசிரியர்கள் போஸ்டருக்குச் சுவரில் தனியாக ஓர் ஓரம் ஒதுக்கலாம்.

என் மகன் ஒன்பதாவது. புத்தகம் என்றாலே ஓடுகிறான். எந்நேரமும் போன்தான். இந்தப் போட்டியில் கட்டாயமாகச் சேர்த்துவிடலாமா?
— ஓர் அம்மா, திண்டுக்கல்

கட்டாயம் வேண்டாம் அம்மா. கட்டாயத்தில் சேர்ந்தால் போஸ்டரையும் நீங்கள்தான் செய்வீர்கள். அதற்குப் பதிலாக, போஸ்டர்கள் மாட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். (பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, பார்த்துக்கொண்டு போங்கள்.) நீங்கள் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். அவன் வகுப்புப் பையன் செய்த போஸ்டர் ஒன்று அங்கே இருந்தால் போதும், கிட்டே போய்ப் பார்ப்பான்.

போனில் அவன் என்ன பார்க்கிறான் என்றும் கவனியுங்கள். கிரிக்கெட் என்றால் கிரிக்கெட் வீரர்களின் வாழ்க்கை வரலாறு, பாம்பு பிடிக்கிற வீடியோ என்றால் பாம்புகளைப் பற்றிய புத்தகம், பைக் என்றால் இன்ஜின் வேலை செய்கிற விதம். கதைப்புத்தகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படக்கதைப் புத்தகத்தைத் தொட்டால் ‘இந்த வயசில் பொம்மைப் புத்தகமா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. அந்த ஒரு வார்த்தையோடு திரும்ப வராமலே போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் போஸ்டர்கள் கிட்டே போனால்தான் படிக்க முடிகிறது. எழுத்தும் படமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. அவர்களுக்கு என்ன சொல்லித் தரலாம்?
— ஓர் ஓவிய ஆசிரியர், காரைக்குடி

ஐயா, நீங்கள் தொழில் தெரிந்தவர். இருந்தாலும் கேட்டதால், மாட்டி மாட்டிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தூரம். நூலகத்தில் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து சுவர் பத்துப் பதினைந்து அடி இருக்கும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களிடம் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்து அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். ஆகவே புத்தகத்தின் பெயர் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிள்ளையின் சொந்த வரிகள் கொஞ்சம் சின்னதாக இருக்கலாம், அது கிட்டே வந்தவர்களுக்கு.

அடுத்தது எழுத்தைப் பிரிப்பது. நம் எழுத்துகள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. ‘ர’ ஒல்லி, ‘ணை’ அகலம், ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் இடம் கேட்கும். பிள்ளைகள் இடது ஓரத்தில் பெரிதாக ஆரம்பித்து, வலது ஓரம் வரும்போது எழுத்தை நெருக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். சுவர் விளம்பரம் எழுதுகிற பெயிண்டர்களைப் பாருங்கள். கயிற்றில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டு மேல்கோடு, கீழ்கோடு போடுவார்கள். பிறகு எழுத்து எல்லாவற்றையும் லேசாகக் கோட்டுருவில் போட்டுப் பார்த்து, இடம் சரியாக வந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு மணி நேரம் வரச்சொல்லுங்கள். நான் ஒருமுறை அப்படி ஒருவரைக் கூப்பிட்டேன். பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. இப்போது எல்லாம் ஃபிளெக்ஸ் ஆகிவிட்டதால் அவருக்கும் வேலை குறைவு. நாலு பேர் முன்னால் கையெழுத்தைக் காட்டியதில் அவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைச் சார்ட்டில் மஞ்சள் எழுத்து கண்ணுக்கே தெரியாது. மஞ்சள் சார்ட்டில் கறுப்பு, கருநீலத்தில் வெள்ளை, இவை எந்த ஊர் டியூப்லைட்டிலும் தெரியும். இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று.

பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல உதாரணம் வேண்டுமென்றால், ரஷ்யாவில் 1924-இல் ரோட்சென்கோ என்ற கலைஞர் லெனின்கிராடு அரசுப் பதிப்பகத்துக்காகச் செய்த போஸ்டரைக் காட்டுங்கள். தலையில் துணி கட்டிய ஒரு பெண் வாயருகே கையை வைத்துக் கூவுகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு முக்கோணம் ஒலிபெருக்கிக் குழாய் போல விரிகிறது. அதற்குள் ‘புத்தகங்கள்’ என்ற சொல், வாயருகே சின்னதாகத் தொடங்கிப் போகப்போகப் பெரிதாகிறது. ஒரு முகம், கூவுகிற ஒரு சொல், சில நிறங்கள். நூறு வருஷம் ஆகியும் அந்தக் குரல் காதில் விழுகிறது. என் நூலகத்தில் அதன் நகலைக் காட்டியபோது ஒரு பையன், ‘மிஸ், இந்தக்கா எங்க சந்தையில கீரை விக்கிற அக்கா மாதிரி கூப்பிடறாங்க’ என்றான். அடுத்த வாரம் அவன் செய்த போஸ்டரில் ஒரு கை மட்டும் இருந்தது, புத்தகத்தை நீட்டுகிற கை.

எங்கள் பகுதியில் இந்தப் போட்டி வைத்தோம். பாதிப்பேர் ‘பொன்னியின் செல்வன்’ என்று வந்து நிற்கிறார்கள். அதிலும் சினிமா நடிகர்கள் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகர் வட்டத் தலைவர், சிதம்பரம்

வரட்டும் ஐயா, தடுக்காதீர்கள். 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் வாரவாரம் வந்த கதை. இன்றைக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை ஐந்து பாகத்தையும் படித்து முடிக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவ்வளவு பக்கத்தைத் தாண்டிய பிள்ளைக்கு வேறு எந்தப் புத்தகமும் தடிமனாகத் தெரியாது.

ஆனால் ஒரு நிபந்தனை வையுங்கள். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் எடுத்தால் இருவரும் வேறு வேறு இடத்தைச் சொல்ல வேண்டும். அச்சிட்ட படம் ஒட்டக் கூடாது, சினிமாவில் வராத ஒரு காட்சியாவது இருக்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்துப் பெண் ஒருத்தி பூங்குழலியை எடுத்துக்கொண்டு, முகம் வரையாமல் படகையும் துடுப்பையும் உப்பங்கழியையும் மட்டும் வரைந்தாள். ‘இந்தக் கோடிக்கரை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். கதையில் வருகிற சேறு உண்மை. நானே காலை விட்டிருக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். எந்த நடிகர் படம் இதைச் சொல்லும்?

செல்போனிலேயே போஸ்டர் செய்யும் செயலிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் படமே வரைந்து தருகிறது. அனுமதிக்கலாமா?
— கல்லூரி மாணவி, கோவை

எழுத்தை அழகாக அடுக்க மட்டும் செயலியைப் பயன்படுத்தினால் நான் சேர்த்துக்கொள்வேன். வாக்கியம் அந்தப் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இயந்திரம் போட்டுத் தரும் படம் வேண்டாம் என்பது என் முடிவு. பக்கத்தில் கோணலாக ஒரு பூட்டு வரைந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்துத் தன் தாளை மறைத்துக்கொள்ளும். அப்படி ஒரு பிள்ளை மறைக்கும்படி ஆகக் கூடாது. முடிந்தால் நூலகத்திலேயே உட்கார்ந்து செய்ய இரண்டு மணி நேரம் கொடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

மகள் பத்தாவது படிக்கிறாள், ஆசையாகப் போஸ்டர் செய்திருக்கிறாள். ஆனால் பெயர், பள்ளி, போட்டோ எல்லாம் ஒட்டி, அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் வேறு சுற்றவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்பதால் பயமாக இருக்கிறது.
— ஒரு தந்தை, சேலம்

உங்கள் பயம் சரியானது, ஆண் பிள்ளைக்கும் இதே விதிதான். போஸ்டரின் முன்பக்கம் பெயரும் வகுப்பும் மட்டும் போதும். பள்ளி, போன் எண் போன்றவை பின்பக்கம் பென்சிலில் இருக்கட்டும். பின்பக்கத்தை யாரும் படமெடுக்கப் போவதில்லை. பிள்ளையின் போட்டோ வேண்டவே வேண்டாம். பரிசளிப்புப் படத்தைக் குழுவில் போடுவதற்கு முன்னால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதை நூலகரிடம் நேரே சொல்லுங்கள், பெரும்பாலும் உடனே மாற்றிவிடுவார்கள். மகளைப் போட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள் ஐயா. வேண்டுமானால் புனைபெயரில் போடட்டும். பத்திரிகையில் எழுதுகிறவர்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நடுவர்கள் யார்? எதற்கு எத்தனை மதிப்பெண்? பரிசாக என்ன கொடுக்கலாம்? போன வருடம் எல்லோருக்கும் பிளாஸ்டிக் ஷீல்டு கொடுத்தோம்.
— தலைமையாசிரியர், தென்காசி

ஷீல்டை விட்டுவிடலாம் சார். பரிசாகப் புத்தகம் கொடுங்கள். ஆனால் நீங்கள் பொறுக்கிக் கட்டிக் கொடுக்காதீர்கள். பிள்ளையைப் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டிப் போய், ‘இந்தத் தொகைக்குள் உனக்குப் பிடித்ததை எடு’ என்று விட்டுவிடுங்கள். சென்னையில் பபாசி என்கிற புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் 1977-லிருந்து நடத்துகிறது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா வந்துவிட்டது, தூரம் ஒரு சாக்கு ஆகாது. கடை கடையாக நடந்து, எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து, கடைசியில் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவது இருக்கிறதே, அதுவே பாதிப் பரிசு.

நடுவர்களைப் பற்றி: பெரியவர்கள் இரண்டு பேர் போதும். மீதியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். போஸ்டருக்கு எண் போட்டு, ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டு. ‘எந்தப் போஸ்டர் அழகு’ என்று கேட்காதீர்கள். ‘எந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்கப் போகிறாய்’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி மாறினால் முடிவே மாறிவிடும். அப்புறம் ஒரு தனிப் பரிசை டிசம்பர் கடைசி வரை எடுத்து வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் எந்தப் புத்தகத்தின் தேதித் தாளில் அதிக முத்திரை விழுந்ததோ, அதன் போஸ்டருக்கு அந்தப் பரிசு.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒன்று இருக்கிறது. போஸ்டரில் சொன்ன புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். போஸ்டர்களுக்குக் கீழே ஒரு பெஞ்சைப் போட்டு, அந்தந்தப் புத்தகத்தை அந்தந்தப் போஸ்டருக்கு நேராக வையுங்கள். ஒரு பிள்ளை ஆசையாக வந்து கேட்டு, ‘அது எங்கேயோ பீரோவில் இருக்கும், நாளைக்கு வா’ என்று கேட்டுத் திரும்பினால், அந்த நாளைக்கு வரவே வராது. ஒரு பிரதிதான் இருக்கிறது, பத்துப் பேர் கேட்கிறார்கள் என்றால் நோட்டில் வரிசையாகப் பெயர் எழுதி முன்பதிவு செய்யுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ இன்னொரு பிரதி இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சுவரில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். டிஸ்டெம்பர் உரிந்து வந்துவிடும், போஸ்டரும் கிழியும். இரண்டு அலமாரிக்கு நடுவே நைலான் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். நூலகம் என்பது அமைதியாக உட்கார்ந்து படிக்கிற இடம். போட்டி, போஸ்டர், கூட்டம் என்று விளம்பரம் செய்வதெல்லாம் நூலகத்தின் வேலையா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

மன்னார்குடியிலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி ஐயா, ஏனென்றால் பதிலும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி, சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடமாடும் நூலகமாக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே 1931-இல்தான் அவர் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது இரண்டாவது. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர்.

அந்த மூன்றாவது விதியை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். வாசகர் புத்தகத்தைத் தேடி வருவார் என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். புத்தகமும் வாசகரைத் தேட வேண்டும் என்கிறார் ரங்கநாதன். புத்தகத்துக்குக் கால் கிடையாது. மாடு இழுத்துக்கொண்டு போனது ஒரு காலம். இப்போது ஒரு பிள்ளை சார்ட் பேப்பரில் எழுதி மாட்டுகிறது, இன்னொரு பிள்ளை எழுந்து வந்து எடுத்துப்போகிறது. இரண்டும் ஒரே வேலைதான் ஐயா.

அமைதியைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. போஸ்டர் செய்கிற வேலையை வராந்தாவிலோ பக்கத்துப் பள்ளி வகுப்பறையிலோ வைத்துக்கொள்ளலாம். சுவரில் தொங்கும் போஸ்டர் சத்தம் போடாது. நீங்களே நடுவராக வாருங்களேன், பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார்.

எனக்குப் பார்வை குறைவு. பிரெயில் புத்தகமும் ஒலிப்புத்தகமும் படிக்கிறேன். நான் போஸ்டர் செய்ய முடியாது என்று விட்டுவிட்டார்கள்.
— பிளஸ் டூ மாணவி, சென்னை

முடியும் கண்ணு. பிரெயில் எழுதுகிற தடித்த தாளில் உன் வரிகளைக் குத்தி எழுதிச் சார்ட்டில் ஒட்டு. கீழே ஒரு தோழியை விட்டு அதையே பேனாவில் எழுதச் சொல். நூல், மணல், துணி எதையும் ஒட்டலாம், தொட்டுப் பார்க்கிற போஸ்டராக இருக்கட்டும். அதைக் கயிற்றில் மாட்டாமல் மேசைமேல் வைக்கும்படி கேள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. அங்கே உன் போஸ்டரைக் கொண்டுபோய்க் காட்டு. விட்டுவிட்டவர்களிடம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் கேள்.

ஆன்ட்டி, நான் எட்டாவது படிக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் எங்கள் ஊர் லைப்ரரியில் இல்லை. சித்தி வாங்கிக் கொடுத்தது, அட்டை கிழிந்திருக்கிறது. அதற்குப் போஸ்டர் செய்யலாமா?
— ஒரு சிறுமி, அறந்தாங்கி

தாராளமாகச் செய்யம்மா. போஸ்டரின் கீழ் ஓரத்தில், ‘இந்தப் புத்தகம் நம் நூலகத்தில் இல்லை, வாங்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள். அதைப் பார்த்து எத்தனை பேர் படிக்க ஆசைப்படுகிறார்களோ, அவர்களையெல்லாம் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல். புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், விலை நான்கையும் தாளின் மேலே தெளிவாக எழுது. அந்தத் தாளை நூலகர் கையில் கொடு. அவர் அதை மாவட்ட நூலகத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். வாசகர் வட்டத்து மாமா யாராவது ஒரு பிரதி வாங்கி நன்கொடையாகவும் கொடுக்கலாம். அது வருகிற வரைக்கும், சித்தி சம்மதித்தால், உன் புத்தகத்தை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு மட்டும் கொடு. வீட்டுக்குக் கொடுத்துவிடாதே, இன்னும் கிழிந்துவிடும்.

கிழிந்த அட்டையைச் செல்லோ டேப் போட்டு ஒட்டாதே, கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். உள்பக்கம் மெல்லிய வெள்ளைத் தாளை மைதாப் பசையில் ஒட்டி, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஒரு ராத்திரி வைத்துவிடு. போஸ்டரைக் கொண்டுபோகும்போது நாலாக மடிக்காமல், கலர் நன்றாகக் காய்ந்த பிறகு எழுத்து வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி எடுத்துப் போ. அப்புறம், அது என்ன புத்தகம் என்று நீ கடிதத்தில் எழுதவே இல்லையே! அடுத்த கடிதத்தில் சொல்லு.